சாயவேரும் அம்மாவின் பழஞ்சேலை மெத்தையும்

போன தடவை கற்பூரவல்லிக்கு முட்டுக் கொடுக்குறதைப் பத்தி எழுதியிருந்தேன். இந்தத் தடவை துணி விஷயம். விவசாயிக்கும் துணிக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க. பருத்தியும் காட்டுல வெளையுறதுதான். சாயமும் ஒரு காலத்துல மண்ணுக்குள்ள வெளைஞ்சதுதான்.

எங்க அக்கா மக சென்னையில கம்ப்யூட்டர் வேலையில இருக்கா. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவ, பரண் மேல கெடந்த எங்க அம்மாவோட பழஞ்சேலை மெத்தையை இறக்கினா. ஆறேழு பழைய சேலையை அடுக்கா மடிச்சு, மேல சீட்டித் துணியில கட்டங்கட்டமா ஒட்டுப் போட்டு, வேட்டிக் கரையில உருவின நூலால அம்மா கையால ஓட்டுத் தையல் போட்டது. நாங்க நாலு பேரும் அதுலதான் பொறந்து கெடந்தோம். அம்மா போயி பதினோரு வருசம் ஆச்சு. ஒரு ஓரத்தை எலி கடிச்சிருந்துச்சு.

"மாமா, இதுக்குப் பேரு குவில்ட். இதை இப்போ படம் மாதிரி சுவத்துல மாட்டுறாங்க. துணிக்கு அவங்களே கையால சாயம் போட்டு, வெட்டி, ஒட்டித் தைக்கிறாங்க. கண்காட்சியெல்லாம் நடக்குது"னா. நான் சிரிச்சேன். பிள்ளை மூத்திரம் போன மெத்தையைச் சுவத்துல மாட்டுறதான்னேன். அவ சிரிக்கல. "லண்டன் மியூசியத்துல இருக்குற பழைய மெத்தை விரிப்புத் துணியெல்லாம் நம்ம கடற்கரையில சாயம் போட்டது, தெரியுமா?"னு போனைக் காட்டினா. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான். ராத்திரி தண்ணி பாய்ச்சிட்டு வந்து உக்காந்து கெடைச்சதையெல்லாம் படிச்சேன். படிச்சதுல மனசுல நின்னதைச் சொல்றேன்.

மொதல்ல நம்ம திருச்சியில இருந்தே தொடங்கலாம். உறையூர்ல 1965-லேருந்து 1969 வரைக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரங்க அகழாய்வு செஞ்சப்போ செங்கல் கட்டின தொட்டி ஒண்ணு கெடைச்சுது. ஏறக்குறைய ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின சாயத்தொட்டின்னு சொல்றாங்க. அந்தக் காலத்துக் கிரேக்க மாலுமி ஒருத்தர் எழுதின பெரிப்ளூஸ் நூல்ல, 'அர்காரு'ங்கிற ஊர்லேருந்து வர்ற மெல்லிய துணியைப் பத்திக் குறிப்பு இருக்கு. அது உறையூர்தான்னு பல அறிஞர்கள் கருதுறாங்க. நான் எத்தனை தடவை வாழைத்தார் ஏத்திக்கிட்டு அந்த வழியாப் போயிருக்கேன், ஒண்ணும் தெரியாமலே.

மெத்தைக் கதைக்கு வர்றேன். 1600-களில் இங்கிலீஷ்காரன், டச்சுக்காரன், பிரெஞ்சுக்காரன் எல்லாம் சோழமண்டலக் கரைக்கு வந்தது மிளகுக்கு வழி தேடித்தான். கிழக்குத் தீவுகள்ல மிளகு, கிராம்பு வாங்கணும்னா அங்க இருக்குறவங்க நம்ம கரைத் துணியைத்தான் கேட்டாங்க. அதே துணி மிச்சம்மீதி ஐரோப்பாவுக்கும் போச்சு. அங்க பொம்பளைங்க அசந்து போயிட்டாங்க. காரணம் ஒண்ணே ஒண்ணு: தொவைச்சாலும் சாயம் போகல. அவங்க ஊர்ல பருத்தித் துணியில அப்படிச் சாயம் ஏத்த அன்னைக்கு வழி தெரியாது. நாம சீட்டின்னு சொல்றதை அவங்க 'சின்ட்ஸ்'னாங்க. கட்டில் விரிப்பா போட பெருசா வரைஞ்ச துணிக்குப் 'பாலம்போர்'னு பேரு. பலங்போஷ், அதாவது கட்டில் மூடும் துணி, அதுலேருந்து வந்த சொல். நடுவுல ஒரு மரம், கிளையெல்லாம் விதவிதமான பூ, ஓரத்துல கரை. அடியில பஞ்சு வெச்சுத் தைச்சா குளிருக்குப் போத்திக்கிற மெத்தைப் போர்வை.

துண்டுத் துணியையும் அவங்க விடல. வட இங்கிலாந்துல லெவன்ஸ் ஹால்னு ஒரு பழைய மாளிகை. அங்க 1708 வாக்குல, மிஞ்சின இந்தியச் சீட்டித் துண்டுகளை வெட்டி ஒட்டி ஒரு படுக்கை விரிப்பு தைச்சிருக்காங்க. இங்கிலாந்துல தப்பி நிக்கிற ஒட்டுத்துணி விரிப்புகள்ல ரொம்பப் பழசுன்னு அதைத்தான் காட்டுறாங்க. சீமாட்டி வீடா இருந்தாலும் துண்டுத் துணியைத் தூக்கிப்போட மனசு வரலை பாருங்க, எங்க அம்மா மாதிரிதான். அப்புறம் இன்னொரு முறையும் வந்துச்சு. சீட்டியில இருக்குற பூவையும் பறவையையும் மட்டும் கத்தரிச்சு வெள்ளைத் துணி மேல ஒட்டித் தைக்கிறது. அமெரிக்காவுலயும் அது பரவுச்சு. பின்னாடி அதுக்குப் 'பாரசீக எம்பிராய்டரி'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி பிரெஞ்சுல பேரு வெச்சாங்க. முதல்ல வெட்டின துணி நம்மளோடது, பேரு பாரசீகத்துக்கு! தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேருக்குத் தொங்கவிடுற தொம்பை இருக்கே, அதுவும் வெட்டி ஒட்டித் தைக்கிற வேலைதான். எங்க மதுரகாளியம்மன் தேரைப் பங்குனியில தோள்ல தூக்கிட்டு வரும்போது கலர் கலரா துணி ஆடும் பாருங்க, அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் குவில்ட்டு ஒண்ணும் புதுசாத் தெரியல.

இப்போ சாயம் போட்ட விதம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நீளமாத்தான் சொல்வேன்.

கூர்தூன்னு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தக் கரையில இருந்தார். மதம் மாறின சாயக்காரங்ககிட்ட கேட்டுக் கேட்டு, 1742-ல முழு முறையையும் கடிதமா எழுதிப் பிரான்சுக்கு அனுப்பிட்டார். தொழில் ரகசியம் அப்படித்தான் கப்பல் ஏறிச்சு. அதுல இருக்குற வரிசை ஏறக்குறைய இதுதான். வெளுத்த துணியைக் கடுக்காய்ப் பொடி கரைச்ச எருமைப்பால்ல முக்கிப் பிழிஞ்சு காயவைக்கணும். பால்ல இருக்குற கொழுப்பு, மை பரவாம நிறுத்தும். காகிதத்துல படம் வரைஞ்சு, கோட்டு மேல ஊசியால ஓட்டை குத்தி, கரித்தூளைத் தட்டினா படம் துணியில இறங்கும். கறுப்புக் கோட்டுக்கு, இரும்பைப் புளிச்ச நீர்ல ஊறப்போட்ட தண்ணி. சிவப்பு வரவேண்டிய இடத்துல படிகாரத் தண்ணி. இது ரெண்டையும் பூசிட்டு, துணியைச் சாயவேர்ல கொதிக்க வெப்பாங்க. படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடிச்சுக்கும். மத்த எடத்துல ஒட்டினது, சாணித் தண்ணியில அலசி வெயில்ல காயவெச்சா வெளுத்துடும். அடுத்து நீலம். நீலம் வேண்டாத எடமெல்லாம் தேன்மெழுகு பூசி மூடி, அவுரித் தொட்டியில முக்குவாங்க. வெளிய எடுக்கும்போது பச்சையா இருக்கும், காத்து பட்டதும் நீலமாகும். கடைசியா மஞ்சளைக் கையால தீட்டுவாங்க. நீலத்து மேல மஞ்சள் பட்டா பச்சை இலை. அந்த மஞ்சள்தான் நிக்காத சாயம். அதனாலதான் மியூசியத்துல இருக்குற விரிப்புகள்ல பல இலைகள் இன்னைக்கு நீலமா இருக்கு.

சாயவேர்ங்கிறது இம்பூறல் செடியோட வேர். சித்த மருந்துல சேர்க்குற அதே இம்பூறல்தான். கடலோர மணல்ல தானா மொளைக்கும், செடி சின்னது, வேர் மெல்லிசு. சிவப்பு வேர்ப்பட்டையில இருக்கு. பயிர் பண்ணினதைவிடத் தானா மொளைச்சதுக்குத்தான் மதிப்பு அதிகம்னு 1795-ல ராக்ஸ்பர்க் எழுதிவெச்சிருக்கார். அந்த ஒல்லி வேரைக் கூடைக்கணக்கா மணலுக்குள்ளேருந்து உருவணும்னா எத்தனை முதுகு குனிஞ்சிருக்கும்! யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் அவங்களை வேர்க்குத்தின்னு சொல்லியிருக்காங்க. டச்சுக்காரன் காலத்துல அந்த வேர் கம்பெனியோட ஏகபோகம், வெளியாள் தொடக்கூடாது. விரிப்பு வரைஞ்சவங்க பேரும் தெரியாது, வேர் தோண்டினவங்க பேரும் தெரியாது. அதுல படுத்தவங்க பேரு மட்டும் எல்லாம் எழுதியிருக்கு.

அந்தத் துணிக்குப் பயந்துதான் ரெண்டு பெரிய நாடுங்க சட்டமே போட்டுச்சு. பிரான்ஸ் 1686-ல தடை போட்டு 1759 வரைக்கும், 73 வருசம், இழுத்துப் பிடிச்சுது. இங்கிலாந்துல 1700-ல ஒரு சட்டம். அது பத்தாதுன்னு 1719-ல லண்டன் நெசவாளிங்க தெருவுல எறங்கி, சீட்டி கட்டிக்கிட்டுப் போன பொம்பளைங்க உடுப்பைக் கிழிச்சாங்க, மை ஊத்தினாங்க. 1721-ல வந்த சட்டம் உடுத்துறதுக்கு மட்டும் இல்ல, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் திண்டுக்கும் போடக்கூடாதுன்னு சொல்லிச்சு. டேவிட் கேரிக்னு பெரிய நாடக நடிகர். அவர் வீட்டுக் கட்டிலுக்கு மசூலிப்பட்டினத்துச் சீட்டி வந்துச்சு, சுங்கக்காரங்க பறிச்சுட்டாங்க. 1775-ல அதைத் திருப்பிக் கேட்டு அவர் மன்றாடி எழுதியிருக்கார். அந்தக் கட்டில் இப்போ லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு. நெசவாளி கோவத்தைத் தப்புன்னும் சொல்லமாட்டேன். வெளிநாட்டு வாழைப்பழம் கப்பல்ல வந்து எறங்கினா நானும் தெருவுக்கு வருவேன்.

இந்தப் பக்கம் 1734-ல சென்னையில நெசவாளி, நூற்பவர், சாயம் தீட்டுறவர், வெளுக்குறவர் எல்லாரையும் குடியேத்த ஒரு பேட்டை உண்டாக்கினாங்க. சின்னத் தறிப்பேட்டை. நீங்க மீன் வாங்கப் போற சிந்தாதிரிப்பேட்டை அதுதான்.

அப்புறம் இயந்திர அச்சு வந்துச்சு. 1868-ல ஜெர்மனியில கிரேபே, லீபர்மன்னு ரெண்டு பேரு அலிசரினைத் தாரிலேருந்து செஞ்சு காட்டினாங்க. நம்ம சாயவேர்ல சிவப்பு தர்றதும் அந்த அலிசரின்தான். 1897-ல செயற்கை அவுரி கடைக்கு வந்துச்சு. வேர்க்குத்திக்கு வேலை போச்சு. வரையுற கை முழுசா அழியல. அரியலூர் பக்கம் கருப்பூர்லயும், தஞ்சாவூர் மாவட்டம் சிக்கல்நாயக்கன்பேட்டையிலயும் கோயில் தொம்பைக்கும் விதானத்துக்கும் இன்னும் கலம்காரி எழுதுற குடும்பங்கள் இருக்கு. 2021-ல கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கெடைச்சுது.

இன்னொரு வருசம் முக்கியம், 1956. இங்கிலாந்து ஐசிஐ கம்பெனி 'புரோசியான்'னு ஒரு சாயம் வித்துச்சு. பருத்தி நூலோடவே ஒட்டிக்கும், கொதிக்க வைக்க வேண்டாம், பச்சைத் தண்ணியிலயே ஏறும். இன்னைக்கு உலகம் பூரா வீட்டு வாளியில துணிக்குச் சாயம் போட்டுக் குவில்ட் தைக்கிறவங்க பெரும்பாலும் இந்த வகைதான் பயன்படுத்துறாங்க. எங்க அக்கா மகளும் அதே. பாக்கெட்டைப் படிச்சுக் காட்டினா, கூடவே உப்பு சேர்க்கணும்னு போட்டிருந்துச்சு. உப்புன்னதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. திருப்பூர் பனியனுக்குப் போடுறதும் இதே வகைச் சாயம், இதே உப்பு. அந்த உப்புத் தண்ணிதான் நொய்யல்ல எறங்கிச்சு. பாசனத்துக்குன்னு 1992-ல கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணித் தொட்டியா ஆச்சு. அணையைத் தொறக்காதீங்கன்னு விவசாயிங்களே போராடினதை நீங்க பேப்பர்ல படிச்சிருப்பீங்க. விவசாயிங்க கோர்ட்டுக்குப் போயி, கடைசியா 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச்சு. சொட்டுக் கழிவும் வெளிய விடக்கூடாதுங்கிற ஏற்பாட்டோடதான் திரும்பத் தொறக்கணும்னு ஆச்சு. நொய்யல் காவிரியில சேருது. அமராவதியும் சேருது. ரெண்டும் சேர்ந்த பிறகு வர்ற தண்ணிதான் எங்க தொட்டியத்துக்கு.

அவகிட்ட இதைச் சொன்னேன். "ஒரு வாளி உப்புத் தண்ணிக்கா மாமா இவ்வளவு?"னா. வாளி இல்லம்மா, வாளிங்கன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்ல. அப்புறம் அவளே, "சரி, பாட்டி மெத்தையில எலி கடிச்ச எடத்துக்கு வேர்ச் சாயத்துலயே துணி போடுவோம்"னா. எனக்கு அந்த மெத்தையில கத்திரி படுறதே இஷ்டமில்ல. அக்காதான், "மூடி வெச்சா மிச்சத்தையும் எலிதான் திங்கும், விடுறா"ன்னுச்சு.

இம்பூறல் வேர் சாயத்துக்குத் தேவைப்படுற அளவுக்குக் கெடைக்கல. நாட்டு மருந்துக் கடையில கடுக்காயும் மஞ்சிட்டியும் படிகாரமும் வாங்கினோம். பால் எங்க வீட்டு எருமையோடது. போர் தண்ணியில கடுக்காய் கரைச்சுத் துணியை முக்கினா, இளமஞ்சளா வரவேண்டியது சாம்பலாப் போச்சு. பால் கெட்டுருச்சோன்னு அக்காவுக்குச் சந்தேகம். எனக்குப் புரிஞ்சிருச்சு. எங்க போர் தண்ணியில இரும்பு ஜாஸ்தி, தொட்டியெல்லாம் துருக்கறை. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தா கறுப்பு, கூர்தூ எழுதின அதே கறுப்புக் கோடு. மறுநாள் வண்டியில ரெண்டு கேன் கட்டிக்கிட்டு ஆத்துக்குப் போயி, காவிரித் தண்ணி கொண்டுவந்தேன். அந்தத் தண்ணியில எல்லாம் சரியா வந்துச்சு. படிகாரம் போட்டு, மஞ்சிட்டியில கொதிக்க வெச்சதும் செங்கல் சிவப்பு. மூணு தடவை அலசியும் நின்னுச்சு.

அம்மா தையலை யாரும் பிரிக்கல. கடிச்ச ஓரத்துல மட்டும் சிவப்புத் துண்டுகளை வெச்சு, அக்காவும் மகளும் ரெண்டு மத்தியானம் உக்காந்து தைச்சாங்க. ஒரு மூலையில அந்தச் சாம்பல் துணியையும் சேர்த்திருந்தா. அது எதுக்குன்னு கேட்டேன்.

"அது உங்க போர் தண்ணி மாமா. இருக்கட்டும்"னா.