அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எல்லை வகுத்தவர்

இத்தாலியில் 1225-ஐ ஒட்டிப் பிறந்தவர் தாமஸ் அக்குவினாஸ். டொமினிக்கன் துறவிகளோடு சேர்ந்ததும், வீட்டார் பிடித்து வந்து ஓராண்டு போல அடைத்தே வைத்தார்கள். மனுஷர் அசையவில்லை.

அப்போது பாரிஸ் பண்டிதர்களுக்குப் பெரிய தலைவலி அரிஸ்டாட்டில். அரபு அறிஞர் உரைகளோடு வந்த அவர் நூல்கள், உலகத்துக்குத் தொடக்கமே இல்லை என்றன. விவிலியமோ படைக்கப்பட்டது என்கிறது. எதை விடுவது?

இரண்டையும் விட வேண்டாம் என்றார் தாமஸ். உண்மைக்கு ஊற்று ஒன்றே. ஆகவே அறிவும் நம்பிக்கையும் மெய்யாக மோதாது. கடவுள் உண்டு என்பதை அறிவாலேயே நிறுவலாம் என்று ஐந்து வழி காட்டினார். திரித்துவம் நம்பிக்கைக்கு மட்டுமே எட்டும். உலகத்தின் தொடக்கமும் அப்படித்தான். தர்க்கத்தால் உண்டென்றும் நிரூபிக்க முடியாது, இல்லையென்றும் முடியாது. சொத்தை வாதத்தை வைத்து நிரூபிக்கப் போனால் நம்பாதவன் சிரிப்பான் என்றும் எச்சரித்தார்.

1274-ல் காலமானார். 1277-ல் பாரிஸ் ஆயர் கண்டித்த 219 கருத்துகளில் சில இவரையும் தொட்டன. ஆனால் 1323-ல் திருச்சபையே இவரைப் புனிதராக்கியது.

உலகம் அனாதி என்று கொள்ளும் சமண மரபினன் நான். ஆனாலும், தன் கட்சிக்குச் சாதகமான சொத்தை வாதத்தைத் தானே ஒதுக்கிய அந்த நேர்மை நம் எல்லோருக்கும் வேண்டியதுதானே!