அறத்தின் வேர் அன்பே: புத்தளக் கரையின் வரலாறு தரும் சான்று

ஒரு சமயத்தைச் சார்ந்தோர் பிற சமயத்தவருக்குப் பள்ளிக்கூடம் அமைத்தும், நோய்க்கு மருந்து கொடுத்தும், பசிக்குச் சோறிட்டும் தொண்டு புரியுங்கால், அத்தொண்டின் நோக்கம் யாது என்னும் வினா பெறுவோர் உள்ளத்தில் எழுதல் இயல்பே. இஃது அன்பா, அன்றி ஆட்சேர்க்கும் வலையா? கிறித்தவரின் நற்பணிகளைக் குறித்து ஈழத்துச் சைவமக்கள் இவ்வினாவை நெடுங்காலமாக எழுப்பி வந்துள்ளனர். அவ்வாறு எழுப்பியதற்கு வரலாற்றில் நியாயமும் உண்டு. இந்துக் கல்லூரிகள் தோன்றியமைக்கே இவ்வினா ஒரு காரணமாயிற்று. ஆயினும் நியாயமான வினாவுக்கு நடுநிலை வழுவாத விடையும் வேண்டும். அவ்விடையைத் தேடுதற்குப் புத்தளக் கரையைக் காட்டினும் தக்க இடம் அரிது. அன்பினால் நடந்த தொண்டையும், அன்பின்றி நடந்த தொண்டையும் ஒரே நூற்றாண்டில் கண்ட கரை அது.

புத்தளம் நகருக்கு வடக்கே, கழிக்கரையில் அமைந்தது கரைத்தீவு. அதற்கும் வடக்கே பொன்பரப்பியும் வில்பத்துக் காடும் உள்ளன. மேற்கே, கழிக்கு அப்பால், கற்பிட்டிக் குடாநாடு நீண்டு கிடக்கின்றது. இம்மாவட்டத்தின் தென்பகுதியில் முன்னேசுவரத் திருக்கோயிலும், உடப்பில் திரௌபதை அம்மன் கோயிலும் விளங்குகின்றன. குடாநாட்டில் தலவில அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்குக் கத்தோலிக்கரேயன்றிப் பிற சமயத்தவரும் செல்வர். பள்ளிவாசல்களும் பௌத்த விகாரைகளும் இக்கரையெங்கும் உண்டு. தமிழும் சிங்களமும் வழங்கும், நான்கு சமயங்கள் அயலயலே வாழும் இத்தகைய கரையில், ஒரு சமயத்தாரின் அறம் மற்றைச் சமயத்தாரின் கண்முன்னே தான் நடைபெறும். அதன் உண்மையும் பொய்மையும் மறைந்திருத்தல் இயலாது.

கிறித்தவ நூல்கள் இப்பொருள் பற்றிக் கூறுவதை முதலில் நோக்குதல் தகும். விசுவாசத்தினால் மீட்சியா, நற்செயலினால் மீட்சியா என்பது ஐரோப்பாவைப் பிளந்த வழக்கு. 1517ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் தொடங்கிய சீர்திருத்த இயக்கம் விசுவாசத்தை முதன்மைப்படுத்தியது. 1545 முதல் 1563 வரை இடையிட்டு நடைபெற்ற திரெந்து சங்கம் நற்செயலுக்கும் இடமுண்டென நிறுவியது. இவ்விரு சாராரும் போற்றும் பவுலடியாரோ, கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில், மலைகளைப் பெயர்க்கும் விசுவாசமும், உடைமை அனைத்தையும் வழங்கும் கொடையும் அன்பு இல்லாதவிடத்துப் பயனற்றுப் போம் என்னும் கருத்தை வலியுறுத்துகின்றார். எனவே கிறித்தவத்தின் அளவுகோல் கொண்டு அளந்தாலும், விசுவாசம், நற்செயல் ஆகிய இரண்டிற்கும் உயிராயிருப்பது அன்பே. திருக்குறளில் அன்புடைமைக்கென ஓர் அதிகாரம் கண்டவர்க்கும், அன்பையும் சிவத்தையும் வேறாகக் காணாத திருமூலர் மரபில் வந்தவர்க்கும் இக்கொள்கை அயலானதன்று.

கொள்கை இவ்வாறிருக்க, நடைமுறை எவ்வாறிருந்தது? 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. மறுவருடம் கற்பிட்டியும் அவர்வசமாயிற்று. 1667க்கும் 1676க்கும் இடையில் அவர்கள் ஆங்கு எழுப்பிய கோட்டை இன்றும் நிற்கின்றது. ஒல்லாந்தர் கல்விப்பணி செய்திலர் என்று கூறுதல் பிழையாகும். கோயிற்பற்று தோறும் பள்ளிக்கூடம் வைத்தனர்; பிறப்பு, திருமணம் ஆகியவற்றுக்குப் பதிவேடு வைத்தனர்; நல்லூரிலும் கொழும்பிலும் உயர்கல்விச் சாலைகள் நிறுவினர். 1737ஆம் ஆண்டில் அவர்தம் கொழும்பு அச்சகத்திலிருந்து சிங்கள நூல் வெளிவந்தது. இவையெல்லாம் நற்செயல்களே.

ஆனால் அவற்றின் பின்னே நின்றது யாது? கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுத்தல் மரணதண்டனைக்குரிய குற்றமெனச் சட்டம் பிறந்தது. அரசாங்க உத்தியோகம் விரும்பியவன் ஒல்லாந்தரின் புரட்டஸ்தாந்து சபையில் ஞானஸ்நானம் பெற்றிருத்தல் வேண்டும். பிள்ளை பள்ளிக்கு வராவிடின் பெற்றோருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. பதிவேட்டில் பெயர் இல்லாதவனுக்குத் திருமண உரிமையும் முதுசொம் உரிமையும் ஐயத்துக்கிடமாயின. பள்ளிக்கூடம் நல்லது, பதிவேடும் நல்லது, ஆனால் அச்சமும் ஆதாயமுமே அவற்றை நடத்தின. மக்கள் கோயிலில் தலைகுனிந்தனர். வீட்டில் தத்தம் தெய்வத்தையே வழிபட்டனர்.

இக்காலத்திலேதான் வேறொருவர் இந்நாட்டுக் கரையில் இறங்கினார். அவர் யோசேப் வாஸ் அடிகள். 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவைச் சேர்ந்த பெனோலிம் என்னும் ஊரில், கொங்கணிப் பிராமணர் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1676இல் குருப்பட்டம் பெற்றவர். அடுத்த ஆண்டு, தம்மை மரியன்னையின் அடிமையென எழுதிக் கைச்சாத்திட்டார். இறைவன் முன் அடிமையெனத் தம்மைக் கூறிக்கொள்ளும் அடியார் மரபில் ஊறிய தமிழர்க்கு அம்மனநிலை எளிதிற் புலனாகும். இலங்கையிலுள்ள கத்தோலிக்கர் குருவின்றித் தவிக்கின்றனர் என்பதைக் கேள்வியுற்று, 1687இல், யோவான் என்னும் ஏவலாளர் ஒருவருடன், கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவர்க்குப் பின்னே படையில்லை, கையிற் பொருளில்லை, பிடிபட்டால் சிறையும் சாவும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் அவருக்கு முதலிற் கிடைத்தது கொடிய வயிற்றோட்டம். தொற்றுநோயென அஞ்சி மனிதர் விலகிய வேளையில், ஏழைப் பெண்ணொருத்தி கொண்டுவந்த கஞ்சியே அவரையும் யோவானையும் உயிர்பிழைக்கச் செய்தது என்பர் அவர் வரலாறெழுதினோர். அவள் அவர் யாரென்று அறிந்திலள். அறம் கற்பிக்க வந்தவர் முதலில் அறம் பெற்றார் என்பது நோக்கற்பாலது. உடல்தேறியபின் சில்லாலையை உறைவிடமாக்கி, இரவில் ஊரூராகச் சென்று தொண்டாற்றினார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் பலரைச் சிறைபிடித்தனர். அவருட் சிலர் கடுந்தண்டனைக்கு ஆளாகி உயிர்நீத்தனர். அடிகள் 1690இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் புத்தளம் சேர்ந்தார்.

புத்தளம் அக்காலத்தில் கண்டி மன்னருக்கு உரியது. கழிக்கு மேற்கே கற்பிட்டிக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறக்க, இக்கரை கண்டி ஆணையின் கீழ் இருந்தது. கண்டிக்குச் செல்லும் வணிகர்க்குப் புத்தளமே மேற்குவாயில். அவ்வாயில் வழியே 1692இல் அடிகள் தலைநகர் நோக்கிச் சென்றார். போர்த்துக்கேயரின் ஒற்றர் என ஐயுற்று அவரைச் சிறையிட்டனர். நாளடைவில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் அவரது தூய்மையை உணர்ந்து விடுதலையளித்தார். கிறித்தவர் கிறித்தவரைத் துன்புறுத்திய அந்நாளில், கிறித்தவக் குருவுக்கு நிழல் கொடுத்தவர் பௌத்த மன்னர் என்பது இந்நாட்டு வரலாற்றின் பெருமைக்குரிய பக்கமாகும்.

1697ஆம் ஆண்டில் கண்டியிற் பெரியம்மை பரவியது. அம்மைப்பால் குத்தும் முறையை எட்வர்ட் ஜென்னர் செய்து காட்டியது 1796இல். அந்நோய் உலகினின்றும் அகன்றதென அறிவிக்கப்பட்டது 1980இல். ஆகவே 1697இல் அந்நோய் கண்டவனுக்கு மருந்தேதுமில்லை. மன்னர் தலைநகரை விட்டகன்றார், செல்வர் அகன்றனர், நோயாளரை உற்றாரே காட்டிற் கொண்டுபோய் விட்டனர். அடிகளும் அவருடைய உறவினரான யோசேப் கர்வாலோ அடிகளும் அகன்றிலர். குடிசைகள் அமைத்து, கைவிடப்பட்டோரைச் சேர்த்து, புண்ணைக் கழுவி, உணவூட்டினர். இறந்தோரைக் குழிதோண்டிப் புதைத்தனர். பௌத்தர், சைவர், முஸ்லிம், கிறித்தவர் என்னும் வேறுபாடு அக்குடிசைகளில் இருக்கவில்லை. மழைவேண்டி அடிகள் செபித்தவழி மழை பெய்தது என்னும் செய்தியைப் பக்தர் பெரிதும் பாராட்டுவர். வரலாறு கற்போருக்கு அம்மழையினும் பெரியது இப்பணி.

ஈண்டு ஒரு தடை எழலாம். நோயுற்றோருட் பலர் அவரிடம் திருமுழுக்குப் பெற்றனர் அல்லரோ? அவ்வாறாயின் இதுவும் ஆட்சேர்த்தல் அன்றோ? பலர் பெற்றனர் என்பது உண்மை. அடிகள் சமயம் பரப்பவே வந்தவர் என்பதும் மறைக்கற்பாலதன்று. ஆனால் மூன்று செய்திகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலாவது, சமயம் மாறியவர்க்கு அவராற் கொடுக்கக்கூடிய உத்தியோகமோ நிலமோ யாதுமில்லை. இரண்டாவது, மாறாதவர்க்கும் அதே கஞ்சியும் அதே பராமரிப்பும் கிடைத்தன. மூன்றாவது, அவர் பிணங்களையும் புதைத்தார். இறந்தவன் எச்சமயத்திலும் சேரான், நன்றியும் கூறான். எவ்விதக் கைம்மாறும் கருத வழியில்லாத இடத்திலும் ஒருவன் கை ஓயாது உழைக்குமாயின், அக்கையை இயக்குவது அன்பேயன்றிப் பிறிதாதல் இயலாது. தொண்டின் நோக்கத்தை அளக்க இதனிற் சிறந்த அளவுகோல் இல்லை.

அடிகள் உயர்பதவி தம்மை நாடி வந்தபோதும் அதனை ஏற்றிலர். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியிற் காலமானார். அவர் வழியைத் தொடர்ந்தோருள் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் குறிப்பிடத்தக்கவர். கோவாவிற் பிறந்த அவர் தமிழையும் சிங்களத்தையும் முறையாகக் கற்று இருமொழியிலும் நூல்கள் யாத்தார். தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் ஓதும் வியாகுலப் பிரசங்கம் அவருடையது. 1742இல் அவர் உயிர்நீத்த போலவத்தை, இன்றைய புத்தளம் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ளது. மக்களை நேசிப்பவன் அவர்தம் மொழியையும் நேசிப்பான் என்பதற்கு அவர் சான்றாவார்.

இனி விளைவை நோக்குவோம். 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிவுற்றது. உத்தியோகத்துக்குச் சமயம் தடையன்று என்னும் நிலை வந்தவுடன், பதிவேட்டிற் பெயர்கொண்ட பெருந்தொகையினர் சில ஆண்டுகளுள் பழைய வழிபாட்டுக்கு வெளிப்படையாகத் திரும்பினர். தண்டப்பணத்தால் கட்டிய சபை, தண்டப்பணம் நின்றதும் கலைந்தது. மறுபுறம், ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு அடக்குமுறைக்கு உட்பட்ட கத்தோலிக்கர், 1806இல் ஆளுநர் மெயிற்லண்டு அவர்மீதிருந்த தடைகளை நீக்கியபொழுது, கரையோர ஊர்கள் பலவற்றில் நிலைபெற்றிருந்தனர். 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி இலங்கை மக்களுள் ஏறத்தாழ 6 சதவீதத்தினர் கத்தோலிக்கர். யோசேப் வாஸ் அடிகளை 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் கொழும்புக் காலிமுகத்திடலிற் பாப்பரசர் பிரான்சிசு புனிதராக அறிவித்தார். அச்சத்தால் நட்டது வேர்விடவில்லை. அன்பினால் நட்டதே நின்றது.

இவ்வுண்மை ஒரு சமயத்துக்கு மாத்திரம் உரியதன்று. சம்பளத்துக்கும் உத்தியோகத்துக்குமாகச் சமயம் மாறுவதை ஆறுமுக நாவலர் கடுமையாகக் கண்டித்தார். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டவராதலின் அவர் அறியாமையாற் கண்டித்தவரல்லர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், கண்டனத்தோடு நின்றுவிடவுமில்லை. 1876, 1877ஆம் ஆண்டுகளையொட்டி யாழ்ப்பாணத்திற் பஞ்சமும் நோயும் வந்தபோது, பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி ஏழைகளின் பசி தீர்த்தார். வாஸ் அடிகளும் நாவலரும் கொள்கையால் எதிரெதிர் நின்றவர்கள். பசித்தவன் முன் இருவர் கையிலும் இருந்தது கஞ்சியே.

புத்தளக் கரை இப்பாடத்தை அண்மைக் காலத்திலும் கற்றது. 1990ஆம் ஆண்டு அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் தமிழ் ஆயுதக் குழுவினரால் வெளியேற்றப்பட்டபோது, பல்லாயிரவர் கைப்பொருளின்றி இம்மாவட்டத்துக்கே வந்துசேர்ந்தனர். முதல் நாட்களில் அவர்களுக்கு உணவும் உறைவிடமும் கொடுத்தவர்கள் தாமும் வறியவர்களான இக்கரை மக்கள். அன்பு குன்றிய இடத்தில் எச்சமயமும் எவ்வினமும் கொடுமைக்கு இடங்கொடுக்கும் என்பதையும், அன்புள்ள இடத்தில் வறியவனும் வள்ளலாவான் என்பதையும் அந்நிகழ்ச்சி ஒருங்கே காட்டிற்று.

ஆகவே, கிறித்தவரின் நற்பணியை ஐயுறுதல் குற்றமன்று. ஐயுற்றபின் ஆராயாது விடுதலே குற்றம். கைம்மாறு கிடையாத இடத்திலும் அப்பணி நிகழ்ந்ததா, மாற்றுச் சமயத்தவனுக்கும் அதே அளவிற் கிடைத்ததா, செய்தவன் இழந்தது யாது என்பவற்றை ஆராய்தல் வேண்டும். இதே அளவுகோலைச் சைவர் தம் கோயில் அன்னதானத்துக்கும், தம் கல்லூரிகளின் கல்விப்பணிக்கும் வைத்துப் பார்ப்பாராயின், வரலாறு கற்றதன் பயன் அதுவேயாம்.