எண்பதாவது எழுத்துக்கு அப்பால்

பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்குக் கத்தரிக்கோல் புதிதல்ல. இடம் போதாவிட்டால் ஆசிரியர் கடைசிப் பாராவை வெட்டுவார். வெட்டியதைச் சொல்லியும் விடுவார். சொல்லாமல் வெட்டுகிற கத்தரிக்கோல் ஒன்று கணிப்பொறிக்குள் இருக்கிறது. அதற்கு ஒரு சரித்திரமும் உண்டு.

1928-ல் ஐ.பி.எம். கம்பெனி 80 பத்திகள் கொண்ட துளை அட்டையைக் கொண்டுவந்தது. அட்டைக்கு 80 எழுத்து. பெயருக்கும் சம்பளத்துக்கும் அது தாராளம். 1970-ல் அதே கம்பெனியைச் சேர்ந்த எட்கர் காட், தகவல்களையெல்லாம் அட்டவணைகளாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அந்த அட்டவணைகளைக் கேள்வி கேட்பதற்கென்று சேம்பர்லினும் பாய்ஸும் 1974-ல் வெளியிட்ட மொழிதான் பிற்பாடு எஸ்.க்யூ.எல். ஆயிற்று. பாய்ஸ் அந்த வருஷமே இளம் வயதில் காலமானார். தாம் நட்ட செடி மரமானதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அட்டவணை என்றால் கட்டம். கட்டத்தில் பெயர் அடங்கும், தேதி அடங்கும். மகனைப் பற்றித் தாயார் ஒருத்தி எழுதிய நீண்ட மனு அடங்குமா?

டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் இருந்த ஜிம் ஸ்டார்க்கி இதற்கு ஒரு வழி செய்தார். எவ்வளவு நீளமானாலும் விழுங்கிக்கொள்ளும் ஒரு பத்தி. அதற்கு 'பிளாப்' என்று பெயர். 1958-ல் வந்த சினிமாப் படத்தில் ஊரையே விழுங்குகிற ஒரு கூழ்ப் பிண்டம் வருமே, அதன் பெயர்தான்! விரிவாக்கமெல்லாம் பிறகு மற்றவர்கள் கட்டிவிட்டது.

ஆரக்கிள் கம்பெனி 'லாங்' என்றொரு வகையைக் கொடுத்தது. இரண்டு ஜிகாபைட் வரை கொள்ளும். ஆனால் அட்டவணைக்கு ஒன்றுதான். அதற்குள் ஒரு சொல்லைத் தேட நிபந்தனை போட முடியாது. எஸ்.க்யூ.எல். கேள்வியில் நடுவிலிருந்து ஒரு துண்டு கேட்கவும் முடியாது. வாயைத் திறக்காத பெரிய குதிர்! 1997-ல் வந்த எட்டாம் பதிப்பில் 'கிளாப்' பிறந்த பிறகுதான் கேள்வியிலேயே துண்டு துண்டாக எடுக்க வழி பிறந்தது. அதிலும் ஒரு குறும்பு: சாதாரண 'சப்ஸ்டர்' முதலில் இடத்தையும் பிறகு நீளத்தையும் கேட்கும்; கிளாபுக்கான 'சப்ஸ்டர்' முதலில் நீளத்தைக் கேட்கும்.

உள்ளே மனு முழுசாக இருந்தும் என்ன? அதைத் திரையில் காட்டும் எஸ்.க்யூ.எல். பிளஸ், 'செட் லாங்' என்று பெரிய எண்ணைச் சொல்லாதவரை 80 பைட்டோடு நின்றுவிடும். அதே பழைய 80! அட்டையின் ஆவிதானோ என்னவோ. பிழைச் செய்தி கிடையாது. தாயாரின் பெயரும் ஊரும் வந்துவிடும். மகனுக்கு என்ன ஆயிற்று என்பது அப்பால் கிடக்கும். படிக்கிற அதிகாரி அவள் அவ்வளவுதான் எழுதினாள் என்று நினைத்துக்கொள்வார்.

தமிழில் எழுதியிருந்தால் சங்கடம் இன்னும் அதிகம். யு.டி.எஃப்-8 முறையில் நம் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். வழக்கமான அமைப்பில் கேள்வியின் விடைக்கு 4000 பைட்தான் எல்லை. 4000 எழுத்து கேட்டால் பிழை வரும். ஆகவே ஆயிரம் ஆயிரமாக எடுத்து ஒட்டவேண்டும். 'கோ' என்பதோ அங்கே இரண்டு குறியீடு. 'கோவிந்தன்' என்ற பெயர் வெட்டில் அகப்பட்டால் 'க' இந்தத் துண்டில், கொம்பும் காலும் அடுத்ததில். வரிசை பிசகாமல் ஒட்டினால் கோவிந்தன் மறுபடியும் கோவிந்தனாகிவிடுவான்.