வெப்பச் சிகிச்சையில் திசு வெப்பநிலைக் கண்காணிப்பு

புற்றுநோய்க் கட்டியைச் சுமார் 40 முதல் 44 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, கதிர்வீச்சின் பலனைக் கூட்டும் சிகிச்சையில் திசுவின் சூட்டை இடைவிடாது அளக்கும் முறை. 43 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அதே விளைவுக்கு வேண்டிய நேரம் பாதியாகிறது. ஆய்வாளர்கள் சபரெட்டோவும் டூவியும் 1984இல் வகுத்த வெப்ப அளவுக் கணக்கு இதை ஒட்டியதே. ஆகவே அரை டிகிரிப் பிழையும் சிறியதல்ல.

கட்டி முழுவதும் சூடு ஒரேபோல் ஏறாது. பெரிய ரத்தக்குழாயை ஒட்டிய இடத்தில் ஓடும் ரத்தம் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும்; புற்றணுக்கள் தப்பிப்பது அங்கேதான். எனவே கட்டிக்குள் மெல்லிய குழாயைச் செருகி, அதனுள் உணரியைச் சிறிது சிறிதாக இழுத்துப் பல புள்ளிகளில் அளக்கிறார்கள். உலோக உணரி, சூடேற்றப் பயன்படும் நுண்ணலையில் தானே சூடாகிப் பொய் அளவு காட்டக்கூடும். ஒளியிழை உணரிக்கு அந்தக் குறை இல்லை. ஊசியே படாமல் எம்.ஆர்.ஐ. கொண்டும் அளக்கலாம், ஆனால் கொழுப்பிலும் மூச்சோடு அசையும் உறுப்புகளிலும் அது தடுமாறும். விழித்திருக்கும் நோயாளி "சுடுது" என்றால், கருவி என்ன காட்டினாலும் உடனே ஆற்றலைக் குறைக்க வேண்டும்.

சென்னை ஐஐடியில் 434 மெகாஹெர்ட்ஸ் சூடேற்றும் ஆன்டெனாக்கள் குறித்து ஆய்வு நடந்துள்ளது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் நோயாளிகளுக்கு இந்தச் சிகிச்சை எட்ட வேண்டுமானால், மதுரையின் கதிர்வீச்சு மையங்களில் கருவியோடு அளவீட்டுப் பயிற்சி பெற்றவர்களும் வேண்டும்.