இந்திய வண்ணத்துப்பூச்சிகள் இணையக் கையேடு

'பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா' என்பது இந்திய வண்ணத்துப்பூச்சி இனங்களை விவரிக்கும் இலவச இணையக் கையேடு. 2010-இல் தொடங்கியது. பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மைய ஆய்வாளர் கிருஷ்ணமேக் குண்டே இதன் முதன்மை ஆசிரியர்களுள் ஒருவர்.

ஒவ்வோர் இனத்துக்கும் தனிப் பக்கம் உண்டு. படங்களைப் பெரும்பாலும் ஆர்வலர்களே எடுத்து அனுப்புகிறார்கள். எடுத்த இடமும் நாளும் உடன் தர வேண்டும். வல்லுநர்கள் சரிபார்த்த பிறகே படம் ஏறும். இந்தக் கறார் தேவையானதுதான். எடுத்துக்காட்டாக, புழுப் பருவத்தில் எருக்கஞ்செடியை உண்டு நஞ்சேறிய வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியைப் பறவைகள் தவிர்க்கும். டனெய்டு எக்ஃபிளை இனத்தின் பெண் பூச்சியோ அதன் தோற்றத்தையே போர்த்திக்கொண்டு தப்பிக்கிறது. பின்னிறக்கையின் கரும்புள்ளிகளை எண்ணிப் பார்த்தால் இரண்டையும் பிரிக்கலாம். மங்கலான ஒரு படம் பரவல் வரைபடத்தையே குழப்பிவிடும்.

கையேட்டின் ஆகப் பயனுள்ள பகுதி, என் மதிப்பில், புழுவின் உணவுத் தாவரப் பட்டியல். கொல்லைக் கறிவேப்பிலையைத் தின்னும் புழு எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியாக மாறக்கூடும் என்று அறிந்தவர் மருந்தடிக்கச் சற்றுத் தயங்குவார். முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகிய பருவங்களின் படங்கள் கிடைத்த இனங்களுக்கு அவையும் உண்டு. 2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் இதில் இடம்பெறுகிறது.

அந்துப்பூச்சி, தட்டான், சில்வண்டு, தவளை, ஊர்வன ஆகியவற்றுக்கும் இதே அமைப்பில் தனித்தனித் தளங்கள் பின்னர் வந்தன.