பன்னிரண்டு பேரும் எட்டு மணி நேரமும்

செஞ்சிக் கோட்டையின் இடிபாடுகளுக்கு ஒரு கௌரவம் உண்டு. ராஜா தேசிங்குக்குக் கதைப்பாடல் இருக்கிறது. தொல்லியல் துறையின் பலகை இருக்கிறது. 2025இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் கோட்டை சேர்ந்தாயிற்று. வல்லத்திலிருந்து பஸ் பிடித்துத் திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குப் போனால் இன்னொரு இடிபாடு: ஏ.எப்.டி. மில். 1898இல் தொடங்கிய இந்த மில்லை ரோடியர் மில் என்றும் சொல்வார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அதைப் பலமாகச் சேதப்படுத்தியது. 2020 ஏப்ரல் 30இல் ஒரேயடியாக மூடினார்கள். 2024இல் பஸ் நிலையம் தற்காலிகமாக மில் திடலுக்கு வந்தபோது, இறங்கியவர்களில் நானும் ஒருவன். மதிலை ஒட்டி ஒருமுறை முழுக்க நடந்தேன். கண்ணில் பட்டவை பூட்டிய கதவுகள், துருவேறிய தகரம், செங்கல் இடுக்கில் வேர்விட்ட அரசங்கன்று.

நம் புதுக்கவிதைக்காரர்களுக்கு இவ்வளவு போதும். சூன்யம், மௌனம், காலம் என்று மூன்று சொற்களில் மில்லை முடித்துவிடலாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்த மௌனத்துக்குத் தேதி இருக்கிறது.

தென்னார்க்காட்டுக் கிராமங்களில் அவுரி பயிரான காலத்தில், அந்த நீலம் தோய்த்த துணி புதுச்சேரியிலிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயிற்று. அங்கே பிரெஞ்சு வியாபாரிகள் அதைக் கொடுத்துக் கருவேலம் பிசினை வாங்கினார்கள். கைத்தறியில் தொடங்கிய அந்த வியாபாரத்தின் மேல்தான் புதுச்சேரியின் மில்கள் எழுந்தன. சவானா மில் இவற்றில் மூத்தது.

1936 ஜூனில் பாரிஸில் லியோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு பதவிக்கு வந்தது. அங்கே தொழிலாளிக்கு வாரம் நாற்பது மணி நேர வேலை என்று சட்டம் செய்தார்கள். புதுச்சேரித் தொழிலாளர்கள் கேட்டது நாளுக்கு எட்டு மணி நேரம், சங்கம் வைக்கும் உரிமை, கூடுதல் கூலி. ஜூலை 30இல் அதே குடியரசின் போலீஸ் அவர்களைச் சுட்டது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். வ. சுப்பையா முன்னின்று நடத்திய போராட்டம் அது. 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆசியாவிலேயே இதுதான் முதல் என்று சொல்வார்கள். எல்லைக்கு இப்பால், செஞ்சியும் வல்லமும் இருந்த பிரிட்டிஷ் இந்தியாவில், 1934ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைத் தொழிலாளியிடம் நாளுக்குப் பத்து மணி நேரம் வாங்க அனுமதித்தது. வாரம் நாற்பத்தெட்டு மணி நேரம் என்று குறைந்தது 1946இல்தான்.

ஆண்டுதோறும் ஜூலை 30இல் தொழிற்சங்கங்கள் அந்தப் பன்னிரண்டு பேருக்கு அஞ்சலி செலுத்துகின்றன. இலக்கியத்துக்கு இது சங்கத்துக்காரர்கள் விவகாரமாகவே இருந்துவருகிறது. நானோ வங்கியில் குமாஸ்தா. இந்தப் பக்கங்களை நிரப்புகிறவர்களிலும் என்னைப்போல் ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள், வாத்தியார்கள், தபால் இலாகாக்காரர்கள் அதிகம். லெட்ஜரை மூடிய பிறகு கிடைக்கும் மாலையில்தான் நமது கவிதை, விமர்சனம், சண்டை எல்லாம் நடக்கிறது. அந்த மாலை இயற்கை தந்ததல்ல. எங்கெங்கோ பலர் தவணை தவணையாகக் கட்டிய விலை அது. ஒரு தவணையைப் புதுச்சேரியில் கட்டியிருக்கிறார்கள்.

வேலை நேரத்தைக் கூட்ட இன்று சட்டங்கள் திருத்தப்படுகின்றன. மில் இடிபாட்டைப் படிமமாக்க நினைக்கும் கவிஞர், அதற்கு முன் அந்தக் கணக்கை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளட்டும்.