அடைவுக்குப் பின்னால் இருந்தவர்கள்

கணினிவழி மனிதவியல் ஆய்வின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ரொபெர்தோ பூசாவிலிருந்தே தொடங்குவார்கள். இத்தாலிய இயேசு சபைத் துறவியான அவர், இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் லத்தீன் நூல்களுக்கு முழுமையான சொல்லடைவு செய்ய விரும்பி, 1949இல் நியூயார்க்கில் ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்தார். ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்கள். கையால் செய்தால் ஓர் ஆயுள் போதாது. நிறுவனம் உதவ இசைந்தது. பால் டாஸ்மன் என்ற பொறியாளர் பூசாவுடன் பணியாற்ற வந்தார்.

துளை அட்டைகளை எந்திரம் பிரித்து அடுக்கும். ஆனால் உரையை அட்டையில் எப்படிப் பகுப்பது, வேற்றுமையேற்று உருமாறிய சொற்களை எந்தத் தலைச்சொல்லின் கீழ் சேர்ப்பது என்பவற்றைப் புலவரும் பொறியாளரும் கூடி முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அட்டைகளில் துளையிட்டவர்கள் மிலானுக்கு அருகே கல்லராத்தே நகரில் பயிற்சி பெற்ற இளம்பெண்கள். அவர்களைப் பற்றிப் பல பத்தாண்டுகள் எவரும் கேட்கவில்லை. ஜூலியான் நைஹன் போன்ற ஆய்வாளர்கள் அண்மைக் காலத்தில்தான் தேடிச் சென்று பேட்டி கண்டார்கள். அடைவு 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக அச்சேறியது. அட்டையிலிருந்து காந்த நாடா, பிறகு குறுவட்டு, பிறகு இணையம். அக்குவினாஸ் எழுதியது அப்படியே இருக்க, அதைத் தாங்கிய பொருள் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிதாக யாரோ நிரல் எழுத வேண்டியிருந்தது. நூலின் வரலாற்றில் இதை ஏன் சேர்ப்பதில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஏட்டைப் படியெடுத்தவர் பெயரைக்கூட நாம் தேடிக் குறிக்கிறோமே!

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு மதுரைத் திட்டம். 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய இம்மின்னூலகத்தின் நூல்கள் முதலில் தகுதரம் (டிஸ்கி) என்ற குறிமுறையில் இருந்தன. பின்னர் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டி வந்தது. ஓர் எண்ணுக்கு இன்னோர் எண்ணைப் பதிலிட்டால் ஆயிற்று என்று தோன்றும். ஆகாது. பழைய முறை எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்தது: 'கொ' என்றால் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகள். ஒருங்குறியிலோ ககரம் முதலில். கொம்பும் காலும் ஒரே உயிர்க்குறியாகி அதன் பின்னே வரும். ஆகவே மாற்றி எழுதும் நிரல், கொம்பைக் கண்டதும் அடுத்த மெய்யைத் தாண்டிப் பார்த்து, அங்கே கால் நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். 'கௌ' வந்தால் சிக்கல் இன்னும் ஒரு படி கூடும்: காலுக்குப் பதிலாக ளகரத்தின் சாயலில் உள்ள இறுதித் துண்டு நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்தமைதி தெரியாத நிரலாளரிடம் இதை ஒப்படைக்க முடியாது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் இது எட்டாது.

இரண்டும் அறிந்தோருக்கு நிலையான இடம் தந்த முயற்சிகளில் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் டிஜிட்டல் ஆய்வகம் குறிப்பிடத்தக்கது. 2015இல் உருவான அது, ஏறத்தாழ 100 பழைய திட்டங்களைத் தன் பொறுப்பில் ஏற்றது. நல்கை முடிந்ததும் ஆய்வுக்குழு கலைந்துவிடும்; தரவுத்தளமோ வழங்கியில் ஓடிக்கொண்டே இருக்கும். புதுப்பிக்காத மென்பொருள் பாதுகாப்பு ஓட்டையாக மாறும். அதனால் அங்கே ஆய்வு முன்மொழிவு எழுதும்போதே பகுப்பாய்வாளர், வடிவமைப்பாளர், மென்பொருள் பொறியாளர் ஆகியோர் உடன் இருக்கிறார்கள். நல்கைக்குப் பிந்தைய பராமரிப்பும் அப்போதே பேசப்படுகிறது.

பழைய தளம் ஒன்றைக் காப்பாற்ற, தரவுத்தளத்தை நீக்கிவிட்டு அதன் விடைகளை வெறும் நிலைப்பக்கங்களாக உறையவைப்பதும் ஒரு வழி. செலவு குறையும், ஆபத்தும் குறையும். ஆனால் பயனர் தாமே புதுக் கேள்விகளைக் கோத்துத் தேடும் வசதி பெரும்பாலும் போய்விடும். அந்த இழப்பைத் தாங்கலாமா என்று நிரலாளர் தனியே தீர்மானிக்க இயலாது; தரவைத் தொகுத்த வரலாற்றாசிரியரும் வந்து உட்கார வேண்டும். அவர் அதற்குள் ஓய்வு பெற்றுப் போயிருப்பதும் உண்டு.